பூட்டைக் கழற்றாமல் பகிரலாம்: வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளும் பிரிண்டரும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு டெஸ்க்டாப்பும் இரண்டு லேப்டாப்களும் உள்ளன. பிரிண்டர், டெஸ்க்டாப்புடன் யூ.எஸ்.பி. கேபிளில் இணைந்திருக்கிறது. லேப்டாப்பில் உள்ள எதையாவது அச்சிட வேண்டுமென்றால் பென்டிரைவில் எடுத்துச் செல்கிறோம். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறோம். எல்லாம் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒரு கணினியில் மற்றொன்று தெரிவதில்லை. எப்போதாவது தெரிந்தால் கடவுச்சொல் கேட்கிறது. எதைக் கொடுத்தாலும் ஏற்பதில்லை. ஃபயர்வாலை அணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஃபயர்வாலை (வெளியிலிருந்து கணினிக்குள் வரும் தொடர்புகளை வடிகட்டும் காவல் மென்பொருள்) அணைக்காமலேயே நீங்கள் விரும்புவது அனைத்தையும் செய்துகொள்ள முடியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கணினிகளில் பழுது இருப்பதாகவும் தெரியவில்லை. அறிமுகமில்லாத சாதனங்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் வகையில் இன்றைய கணினிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காவல் உங்கள் வீட்டுச் சாதனங்களையும் சேர்த்தே தடுக்கிறது. தடை எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதும். ஒரு சாவி பொருந்தவில்லை என்பதற்காக வீட்டின் எல்லாப் பூட்டுகளையும் யாரும் கழற்றி வைப்பதில்லை.

உங்கள் கணினிகளில் விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும் என்று கொண்டு விளக்குகிறேன். அவசரமில்லாத ஒரு நாளில், வரிசை மாறாமல் செய்யுங்கள்.

கணினிகள் ஏன் மறைந்துகொள்கின்றன?

விண்டோஸ் கணினிகள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்வது எஸ்.எம்.பி. (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைக் கேட்டுப் பெறுவதற்கான நெறிமுறை) மூலமாக. இது 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. அப்போது நெட்வொர்க் என்றால், பெரும்பாலும் ஓர் அலுவலகத்துக்குள் ஒருவரையொருவர் அறிந்தவர்களின் கணினிகளே. அதனால் அதன் முதல் பதிப்பில் பாதுகாப்பு மிகக் குறைவாக இருந்தது.

அந்தக் குறை 2017 மே மாதத்தில் உலகத்தையே உலுக்கியது. வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்), எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தடைபட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள்தாம் சிக்கிக்கொண்டன.

அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு புதிய கணினிகளில் தானாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் 7-உடன் 2009-இல் வந்த ஹோம்குரூப் (ஒரே கடவுச்சொல்லில் வீட்டுக் கணினிகளைச் சேர்க்கும் வசதி) 2018-இல் நீக்கப்பட்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு, புரோ பதிப்பு உள்ள கணினிகள் கடவுச்சொல் இல்லாத பகிர்வுகளோடு தொடர்புகொள்வதையும் இயல்பாக மறுக்கின்றன.

ஆகவே பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் பலித்த வழி இன்று உங்கள் வீட்டில் பலிக்காமல் போவது இயற்கை. அன்று வழிகாட்டியவர் தவறாகச் சொன்னார் என்பதல்ல, நெறிமுறை மாறிவிட்டது. இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை காவலைக் கூட்டியிருக்கின்றன.

தடை எங்கே இருக்கிறது?

பகிர்வு நடக்க மூன்று நிலைகள் நிறைவேற வேண்டும். முதலாவது இணைப்பு: இரண்டு கணினிகளும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இரண்டாவது கண்டறிதல்: ஒன்று தன்னை வெளிப்படுத்திக்கொள்ள, மற்றொன்று அதைக் காண வேண்டும். மூன்றாவது அனுமதி: கோப்புகளை வைத்திருக்கும் கணினி, கேட்பவர் யார் என்று தெரிந்து உள்ளே விட வேண்டும். முதல் நிலை நிறைவேறாமல் மூன்றாவதில் மணிக்கணக்காகப் போராடுவதால் பயனில்லை.

எந்த நிலையில் சிக்கல் என்பதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதியில் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே ஐபிவி4 அட்ரஸ் என்ற இடத்தில் 192.168.1.20 போன்ற ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் அந்தக் கணினியின் முகவரி. பிறகு லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளுடன் அந்த எண்ணை இட்டு (\\192.168.1.20) என்டர் தட்டுங்கள்.

வெகுநேரம் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்றால், தடை இணைப்பில் இருக்கலாம்; அல்லது டெஸ்க்டாப்பில் பகிர்வே திறக்கப்படாமல் இருக்கலாம். பட்டியலில் தெரியாத கணினி இப்படி எண்ணைக் கொடுத்ததும் திறக்கிறது என்றால், கண்டறிதலில்தான் குறை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு மறுக்கிறது என்றால், இணைப்பு சரியாக உள்ளது. தடை அனுமதியில் இருக்கிறது. உங்கள் டெஸ்க்டாப் சில நேரங்களில் தெரிவதாகவும் கடவுச்சொல் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் வீட்டில் இணைப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மற்ற இரண்டும்தான் கவனம் கேட்கின்றன. இருந்தாலும் முதல் நிலையை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

முதல் நிலை: இணைப்பு

மூன்று கணினிகளின் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் முதல் மூன்று பகுதிகள் எல்லாக் கணினிகளுக்கும் ஒன்றாகவும், கடைசி எண் மட்டும் வேறாகவும் இருக்கும். ஒன்று 192.168.1.20 என்றும் மற்றொன்று 192.168.0.105 என்றும் இருந்தால், வைஃபை பெயர் ஒன்றாகவே இருந்தாலும் அவை இரு வேறு நெட்வொர்க்குகள்.

நம் வீடுகளில் இதற்கு வழக்கமான காரணம் இரண்டு ரவுட்டர்கள். ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் கூடத்தில் வைத்த பெட்டி ஒன்று. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று நாமே வாங்கி மாட்டியது இன்னொன்று. இரண்டாவது ரவுட்டர் தனக்குக் கீழே தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்கிறது. இப்படி இருந்தால் ஒரு விசித்திரத்தைக் காணலாம்: மாடியில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து கூடத்து டெஸ்க்டாப் கிடைக்கும், டெஸ்க்டாப்பிலிருந்து அந்த லேப்டாப் கிடைக்காது. இரண்டாவது ரவுட்டரின் அமைப்புகளில் ஆக்சஸ் பாயின்ட் மோடு (தனி முகவரிகள் வழங்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) இருக்கிறதா என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள். பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து, கணினிகளில் ஒன்று கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கென ரவுட்டர் தரும் தனி வைஃபை) இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருப்பவர்களுக்கு இணையம் கிடைக்கும். வீட்டின் மற்ற சாதனங்கள் தெரியாது. அதன் நோக்கமே அதுதான். சில ரவுட்டர்களில் ஏ.பி. ஐசொலேஷன் என்ற தேர்வு முதன்மை வைஃபையிலும் இயக்கப்பட்டிருக்கும். வைஃபையில் இருக்கும் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதை அது தடுக்கும். வீட்டு வைஃபையில் அது அணைந்திருக்க வேண்டும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். கேபிளாக இருந்தால் இரு முனைகளையும் சரிபாருங்கள். லேப்டாப்பில் வி.பி.என். (இணையத் தொடர்பை வேறொரு இடத்தின் வழியாகக் கொண்டுசெல்லும் மறைகுழாய்) இயங்கினாலும் வீட்டுச் சாதனங்கள் மறையக்கூடும். அது அலுவலகம் கொடுத்த லேப்டாப்பாக இருந்தால் அதன் அமைப்புகளில் கைவைக்காதீர்கள். அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் உரிமை உங்கள் அலுவலகக் கணினிப் பிரிவினருக்கே உண்டு.

இரண்டாம் நிலை: கண்டறிதல்

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பப்ளிக், ப்ரைவேட் என இரண்டில் ஒன்றாகக் குறித்து வைக்கிறது. பப்ளிக் என்றால் ரயில் நிலையம், தேநீர்க்கடை, விடுதி போன்ற இடங்களின் வைஃபை. அங்கே கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். புதிதாக இணையும் வைஃபையை விண்டோஸ் 11 பப்ளிக் என்றே எடுத்துக்கொள்கிறது. வீட்டு வைஃபையும் அப்படியே பதிவாகியிருக்கும். கணினிகள் ஒன்றையொன்று காணாததற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

முகவரியைப் பார்த்த அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தின் மேற்பகுதியில் இந்தத் தேர்வு இருக்கிறது. மூன்று கணினிகளிலும் ப்ரைவேட் நெட்வொர்க் என்று மாற்றுங்கள். இந்த மாற்றம் உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டுமே பொருந்தும். நாளை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனால் அங்குள்ள வைஃபையில் காவல் பழையபடியே இருக்கும். ஃபயர்வாலை ஒட்டுமொத்தமாக அணைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள். விண்டோஸ் 11-இல் இது நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதியில், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸின் உள்ளே இருக்கிறது. விண்டோஸ் 10-இல் கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் இருக்கிறது. ப்ரைவேட் நெட்வொர்க்குக்குக் கீழே நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் இயக்குங்கள். பப்ளிக் நெட்வொர்க்குக்குக் கீழே இரண்டும் அணைந்தே இருக்கட்டும். இதைச் செய்யும்போது, தேவையான வழிகளை மட்டும் விண்டோஸ் ஃபயர்வால் தானாகவே திறந்துகொள்ளும். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் வைத்திருந்தால், அதற்கெனத் தனி ஃபயர்வால் இருக்கலாம். அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும்.

இதன் பிறகும் பட்டியலில் கணினி தெரியவில்லையென்றால் பதற்றம் வேண்டாம். பட்டியலில் தெரிவது ஒரு வசதி மட்டுமே. எண் முகவரியைக் கொடுத்துத் திறக்க முடிந்தால் பகிர்வு வேலை செய்கிறது. நேரே மூன்றாம் நிலைக்குச் செல்லலாம்.

மூன்றாம் நிலை: அனுமதி

பலர் மனம் தளரும் இடம் இது. எந்தக் கடவுச்சொல்லைக் கேட்கிறது என்று தெரியாததே காரணம். லேப்டாப்பின் கடவுச்சொல்லையோ வைஃபையின் கடவுச்சொல்லையோ அது கேட்கவில்லை. கோப்புகள் இருக்கும் டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு பயனர் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. தினமும் டெஸ்க்டாப்பைத் திறக்க நீங்கள் தட்டும் 4 அல்லது 6 இலக்க பின் எண் இதற்குப் பயன்படாது; அது அந்தக் கணினியின் முன்னால் அமர்ந்து திறப்பதற்கு மட்டுமே. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவராக இருந்தால், பயனர் பெயர் உங்கள் மின்னஞ்சல் முகவரி; கடவுச்சொல் அந்தக் கணக்கினுடையது. கடவுச்சொல்லே வைக்காத கணக்கென்றால், நெட்வொர்க் வழியாக வருவதை விண்டோஸ் அடியோடு மறுத்துவிடும்.

உங்கள் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பகிர்வுக்கென்றே டெஸ்க்டாப்பில் ஒரு தனிக் கணக்கை உருவாக்குங்கள். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியில் மற்ற பயனர்களைச் சேர்க்கும் இடம் உண்டு. அங்கே மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனர் என்பதைத் தேர்ந்தெடுத்து, 'வீடு' என்பது போன்ற எளிய பெயரும், வேறெங்கும் பயன்படுத்தாத நல்ல கடவுச்சொல்லும் கொடுங்கள். பயனர் பெயரை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றி வைத்துக்கொண்டால், வேறு சாதனங்களிலும் சிக்கலின்றித் தட்டச்சு செய்யலாம். நிர்வாகி உரிமை அதற்குத் தேவையில்லை. சாதாரணக் கணக்காகவே இருக்கட்டும்.

அடுத்தது பகிர வேண்டிய ஃபோல்டர். இருக்கும் ஃபோல்டர்களைப் பகிர்வதைவிடப் புதிதாக ஒன்றை உருவாக்கி, எல்லோருக்கும் வேண்டியதை மட்டும் அதில் வையுங்கள். குடும்பப் புகைப்படங்கள், பிள்ளைகளின் பாடக்குறிப்புகள், மின்சாதனங்களின் உத்தரவாதச் சீட்டுகள் ஆகியவை அதில் இருக்கலாம். ஆதார், பான் நகல்கள், வங்கி ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகள், கடவுச்சொற்கள் எழுதிய கோப்பு ஆகியவை அதில் இருக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் நம்பிக்கைக்குரியவர்கள்தாம். ஆனால் அவர்கள் சாதனங்களில் ஒன்றுக்குள் தீநிரல் புகுந்தால், அந்தச் சாதனம் எட்டக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் எட்டும்.

அந்த ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், பிறகு ஷேர் என்ற பொத்தான் வரை செல்லுங்கள். பெயர்ப் பட்டியலில் நீங்கள் உருவாக்கிய கணக்கைச் சேர்த்து, ரீட் (படிக்க மட்டும்) அல்லது ரீட்/ரைட் (படிக்கவும் மாற்றவும்) எதுவென்று தேர்ந்தெடுங்கள். அருகிலேயே அட்வான்ஸ்டு ஷேரிங் என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதைத் தவிர்ப்பது நல்லது. விண்டோஸில் பகிர்வுக்கான அனுமதி ஒன்று, வட்டில் உள்ள கோப்புக்கான அனுமதி ஒன்று என இரண்டு அடுக்குகள் உண்டு. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். ஷேர் பொத்தான் இரண்டையும் பொருத்தமாக அமைத்துவிடும். அட்வான்ஸ்டு ஷேரிங் முதல் அடுக்கை மட்டும் திறக்கும். 'எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டேன், இன்னும் மறுக்கிறது' என்று பலர் திகைப்பது இதனால்தான்.

இனி லேப்டாப்பிலிருந்து அந்த எண் முகவரியைத் திறந்து, கேட்கும்போது புதிய கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். பெயரை ஏற்கவில்லையென்றால், டெஸ்க்டாப்பின் கணினிப் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பயனர் பெயர் என்ற வரிசையில் முழுமையாகக் கொடுத்துப் பாருங்கள். முன்பு பலமுறை முயன்றதில் தவறான கடவுச்சொல் எங்காவது பதிவாகியிருக்கலாம். கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் (சேமித்த கடவுச்சொற்களின் பெட்டகம்) திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் டெஸ்க்டாப்பின் பெயரிலோ முகவரியிலோ இருக்கும் பழைய பதிவை நீக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள். திறந்ததும் அந்த ஃபோல்டரை மேப் நெட்வொர்க் டிரைவ் மூலம் ஒரு டிரைவாக நிலைப்படுத்திக்கொண்டால், அடுத்த முறை தேடத் தேவையில்லை.

பிரிண்டர்: டெஸ்க்டாப் வழியாகவா, நேரடியாகவா?

உங்கள் பிரிண்டரில் வைஃபை அல்லது நெட்வொர்க் கேபிள் செருகும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் யூ.எஸ்.பி. கேபிளைக் கழற்றிவிட்டுப் பிரிண்டரை நேரடியாக ரவுட்டருடன் இணையுங்கள். டெஸ்க்டாப் அணைந்திருந்தாலும் அச்சிடலாம், கைபேசியிலிருந்தும் அச்சிடலாம். விலை குறைந்த பிரிண்டர்களில் பல, வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. இணைக்கும் நேரத்தில் அந்த அலைவரிசையின் வைஃபை பெயரைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் லேப்டாப் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தாலும், இரண்டும் ஒரே ரவுட்டரின் கீழ் இருப்பதால், அச்சிடுவதில் தடை வராது. 'டைரக்ட்' என்று தொடங்கும் ஒரு வைஃபை பெயரைப் பிரிண்டரே பரப்பக்கூடும். அது ஒரு சாதனத்தோடு நேராகப் பேசுவதற்கானது. அதில் இணைந்தால் கைபேசி வீட்டு வைஃபையை விட்டு விலகிவிடும். குடும்பத்துக்குப் பொதுவாக்க அது ஏற்றதல்ல.

நேரடியாக இணைத்த பிரிண்டர்களில் அடிக்கடி வரும் தொல்லை, நேற்றுவரை அச்சிட்டது இன்று ஆஃப்லைன் என்று காட்டுவது. குறிப்பாக மின்வெட்டுக்குப் பிறகு இது நிகழும். ரவுட்டர் டி.எச்.சி.பி. (சாதனங்களுக்கு முகவரிகளைத் தற்காலிகமாக வழங்கும் முறை) மூலம் முகவரி தருகிறது. எல்லாம் ஒருசேர அணைந்து எழும்போது பிரிண்டருக்கு வேறு எண் கிடைத்துவிடலாம். கணினியோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். பிரிண்டரை நீக்கி மீண்டும் சேர்த்தால் அன்றைக்குச் சரியாகும். அடுத்த மின்வெட்டில் மறுபடியும் வரும். நிலையான தீர்வு, ரவுட்டரின் அமைப்புகளில் அட்ரஸ் ரிசர்வேஷன் (ஒரு சாதனத்துக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குதல்) செய்வது. பிறகு ஒவ்வொரு கணினியிலும் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸின் போர்ட்ஸ் பகுதியில், ஸ்டாண்டர்டு டி.சி.பி./ஐ.பி. போர்ட் ஒன்றைச் சேர்த்து அந்த எண்ணைக் கொடுங்கள். அதன் பிறகும், அச்சாகும் நிலையில் இருக்கும் பிரிண்டரை ஆஃப்லைன் என்று கணினி காட்டினால், அந்தப் போர்ட்டின் அமைப்பில் எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் என்ற குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

வைஃபை இல்லாத பிரிண்டர் என்றால் டெஸ்க்டாப் வழியாகவே பகிர வேண்டும். டெஸ்க்டாப்பில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸின் ஷேரிங் பகுதியில் பகிர்வை இயக்கி, இடைவெளி இல்லாத சிறு பெயர் கொடுங்கள். லேப்டாப்பில் முதலில் பிரிண்டர் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து டிரைவரை (பிரிண்டருடன் பேசக் கணினிக்கு உதவும் நிரல்) நிறுவிவிட்டு, பிறகு பகிர்ந்த பிரிண்டரைச் சேருங்கள். 2021-இல் பிரிண்ட்நைட்மேர் என்ற பெயரில் அச்சு சேவையில் கடுமையான ஓட்டைகள் வெளிப்பட்டன. அதற்குப் பின் வந்த அப்டேட்டுகளால், நெட்வொர்க் வழியாகப் பிரிண்டர் டிரைவர் நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமானது. 11பி என்று முடியும் பிழை எண் தோன்றத் தொடங்கியதும் அப்போதுதான். இரு கணினிகளிலும் எல்லா அப்டேட்டுகளையும் நிறுவுங்கள். அந்தப் பிழையை மறைக்க ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள்அமைப்புப் பதிவேடு) ஒரு மதிப்பைப் பூஜ்ஜியமாக்கும் குறுக்குவழி பரவலாகச் சொல்லப்படுகிறது. அது அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறப்பது, செய்யாதீர்கள். டெஸ்க்டாப் உறங்கும் நிலைக்குப் போனால் பகிர்வும் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அச்சிடும் நேரங்களில் அது விழித்திருக்குமாறு பவர் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

கைபேசிகளைப் பொறுத்தவரை, நெட்வொர்க்கில் நேரடியாக உள்ள இன்றைய பிரிண்டர்களை ஐஃபோன் ஏர்பிரிண்ட் வழியாகவும், ஆண்ட்ராய்டு தன் அச்சு சேவை வழியாகவும் கண்டுகொள்ளும். டெஸ்க்டாப் வழியாகப் பகிரும் யூ.எஸ்.பி. பிரிண்டர் அவற்றுக்குத் தெரியாது. பகிர்ந்த ஃபோல்டரை ஐஃபோனில் ஃபைல்ஸ் செயலியின் கனெக்ட் டு சர்வர் மூலமாகவும், ஆண்ட்ராய்டில் எஸ்.எம்.பி. வசதி உள்ள கோப்பு மேலாண்மைச் செயலி மூலமாகவும் திறக்கலாம். எப்போதோ ஒரு கோப்பை அனுப்புவதற்கு இவ்வளவும் தேவையில்லை. குவிக் ஷேர், அல்லது ஆப்பிள் சாதனங்களுக்கிடையே என்றால் ஏர்டிராப், போதும்.

செய்யக் கூடாதவை

ஃபயர்வாலை அணைப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். 'சோதித்துப் பார்க்க மட்டும்' என்று அணைப்பவர்கள் பெரும்பாலும் மீண்டும் இயக்க மறந்துவிடுகிறார்கள். லேப்டாப் அதே நிலையில் கல்லூரிக்கும் விடுதிக்கும் போய்வருகிறது.

பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங் என்ற தேர்வை அணைத்து, எவரியொன் என்ற பெயருக்கு முழு உரிமை கொடுப்பது இன்னொரு குறுக்குவழி. அப்படிச் செய்தால், உங்கள் வைஃபை கடவுச்சொல்லை அறிந்த எவரும், வாடகைக்கு இருந்து காலி செய்து போனவர் உட்பட, அந்தக் கோப்புகளை அழிக்கலாம். சி டிரைவ் முழுவதையும் பகிர்வதும் அதே தவறுதான்.

பழைய பிரிண்டரின் ஸ்கேன் டு ஃபோல்டர் வசதிக்காகவோ பழைய சேமிப்புப் பெட்டிக்காகவோ எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை மீண்டும் நிறுவச் சிலர் சொல்வார்கள். வானாக்ரை நுழைந்த வாசல் அது. ஸ்கேன் செய்ததைக் கணினியிலோ கைபேசியிலோ உள்ள பிரிண்டர் நிறுவனத்தின் செயலி வழியாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கோப்புகளைப் பார்ப்பதற்காக ரவுட்டரில் 445-ஆம் போர்ட்டைத் திறந்துவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. உலகம் முழுவதும் தானியங்கி நிரல்கள் இந்தப் போர்ட் திறந்திருக்கும் முகவரிகளை இடைவிடாமல் தேடிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து தேவைப்படும் கோப்புகளை கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற சேவையில் வையுங்கள். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியின் அடியில் அச்சிட்டபடியே இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

உங்கள் டெஸ்க்டாப்பில் இருப்பது விண்டோஸ் 10 என்றால் இன்னொரு செய்தி: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எல்லோரும் வந்து போகும் கணினி, பாதுகாப்பு அப்டேட் கிடைக்காமல் இருப்பது நல்லதல்ல. அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் பகிர்வுக்கான ஃபோல்டரைப் புதிய லேப்டாப் ஒன்றுக்கு மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

பகிர்வு வேறு, காப்புப்பிரதி வேறு

பகிர்வு வேலை செய்யத் தொடங்கியதும் புகைப்படங்கள் அனைத்தையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துவிட்டு, கைபேசியில் இருப்பதை அழித்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அதற்கு முன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். நெட்வொர்க் வழியாக அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, அப்படியே போய்விடும். ஒரு குழந்தையின் கைதவறுதல் போதும். ரான்சம்வேர் புகுந்த லேப்டாப், தனக்கு மாற்றும் உரிமை உள்ள பகிர்ந்த ஃபோல்டரில் இருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அதனால் புகைப்படங்களுக்கும் முக்கியக் கோப்புகளுக்கும் ரீட் உரிமை மட்டும் கொடுங்கள். ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் கோப்புகளுக்கு மட்டும் ரீட்/ரைட் உரிமையுடன் தனி ஃபோல்டர் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். இணைந்தபடியே இருக்கும் டிஸ்க்கையும் தீநிரல் விட்டுவைக்காது.

உதவிக்கு ஆளை அழைக்கும்போது

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கணினி வழிக்கு வரவில்லையென்றால் தொழில்நுட்பர் ஒருவரை அழைப்பதில் தவறில்லை. மூன்று கணினிகளின் முகவரிகள், பிரிண்டரின் முகவரி, தடை நிற்கும் நிலை, திரையில் வந்த பிழை எண் ஆகியவற்றை எழுதிய தாளை அவரிடம் கொடுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். அவர் கிளம்புமுன் எதை மாற்றினார் என்று கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று கணினிகளிலும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஃபயர்வால் இயங்குகிறதா என்று அவர் முன்னிலையிலேயே பாருங்கள். அணைந்திருந்தால் இயக்கச் சொல்லி, அதன் பிறகும் லேப்டாப்பிலிருந்து ஒரு பக்கம் அச்சாகிறதா என்று சோதித்துவிட்டு அவரை அனுப்புங்கள்.